கயிறு கட்டாதீர்கள், நேரம் கடத்தாதீர்கள்: பாம்புக்கடி பற்றி வாசகர் கேள்விகள்

தமிழ்நாட்டில் பாம்புக்கடி 2024 நவம்பரில் ‘அறிவிக்கப்பட வேண்டிய நோய்’ (மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியது) ஆக்கப்பட்டது பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பலவும் சட்டத்தைப் பற்றியவை அல்ல. கடித்தால் என்ன செய்வது, மருத்துவமனையில் ஏன் காக்க வைக்கிறார்கள் என்று கேட்டவைதான் அதிகம். அவற்றுக்கே முதலில் பதில் சொல்கிறோம்.

மும்முனை மின்சாரம் ராத்திரியில்தான் வருகிறது. மோட்டார் போட வரப்பில் போகும்போது பாம்பு கடித்தால், வண்டி வருவதற்குள் என்ன செய்ய வேண்டும்? கடிவாய்க்கு மேலே கட்டுப் போடலாம்தானே?
— விவசாயி, ஜெயங்கொண்டம் வட்டாரம்

போடக் கூடாது ஐயா. துண்டு, கயிறு, வைக்கோல் புரி எதுவானாலும் கூடாது. இறுக்கிக் கட்டினால் கட்டுக்குக் கீழே ரத்த ஓட்டம் நின்றுபோகும். விரியன் விஷம் சதையை அரிக்கக்கூடியது. அது அங்கேயே தேங்கினால் காலை இழக்க நேரலாம். கட்டை அவிழ்த்ததும் தேங்கிய விஷம் மொத்தமாக உடம்புக்குள் பாயும். ‘கட்டிவிட்டோமே, இனி பயமில்லை’ என்ற தைரியத்தில் நேரத்தை வீணாக்குவதும் அடிக்கடி நடக்கிறது. யாராவது ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள். மருத்துவமனையில் ஊசியும் மருந்தும் தயாரான பிறகு மருத்துவர் அவிழ்க்கட்டும்.

செய்ய வேண்டியவை இவைதான். பாம்பை விட்டு விலகி வந்து உட்காருங்கள். கொலுசு, மெட்டி, மோதிரம், கணுக்காலில் கட்டிய கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். அரை மணி நேரத்தில் கால் வீங்கிவிட்டால் அவையே கட்டு மாதிரி இறுக்கும். எலும்பு முறிந்தால் செய்வதுபோல ஒரு குச்சியோ மட்டையோ வைத்து, துணியால் தளர்வாகச் சுற்றி, காலை அசையாமல் வையுங்கள். நடந்தாலும் ஓடினாலும் தசை இயங்கி விஷம் வேகமாகப் பரவும். வாந்தி வந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடித்த நேரத்தையும், வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்பதையும் பேனாவால் தோலிலேயே எழுதி வையுங்கள். மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

108-க்கு அழையுங்கள். வண்டி வரத் தாமதமாகும் என்றால் காத்திருக்க வேண்டாம். பைக்கில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் கடிபட்டவரை உட்கார வைத்துக் கொண்டுபோங்கள். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, மண்ணெண்ணெய் ஊற்றுவது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடவும் வேண்டாம். பாதுகாப்பான தூரத்திலிருந்து செல்போனில் படம் எடுக்க முடிந்தால் போதும். அடித்துக் கொன்ற பாம்பின் தலைகூடக் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும்.

ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய பிள்ளை, விடியற்காலையில் வயிற்றுவலி என்று அழுதான். உடம்பில் கடித்த தடமே இல்லை. ஆனால் மருத்துவமனையில் பாம்புக்கடி என்றார்கள். அது எப்படி?
— ஒரு தாய், தருமபுரி மாவட்டம்

அவர்கள் சந்தேகப்பட்டது சரிதான் அம்மா. கட்டுவிரியன் இரவில் இரை தேடி வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர் புரண்டு படுக்கும்போது கடிக்கும். அதன் பல் மிகச் சிறியது. வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, தடம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, தொண்டை வலி வரும். பலர் இதை அஜீரணம் என்று எண்ணிச் சோடாவோ கஷாயமோ கொடுத்துவிடுகிறார்கள். அடுத்து இமை சரியும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, தலை நிற்காமல் தொங்கும். கடைசியில் மூச்சுத் தசைகள் சோர்ந்துவிடும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மூச்சை இழுத்து, விடாமல் ‘ஒன்று, இரண்டு, மூன்று...’ என்று எண்ணச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். முன்பு 30 வரை எண்ணியவர் இப்போது 15-இல் நின்றால் மூச்சுத் தசை தளர்கிறது என்று அர்த்தம். மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் இதைக் கவனித்துக்கொண்டே போகலாம்.

கட்டுவிரியன் விஷம் நரம்பின் முனையையே சிதைத்துவிடுகிறது. சிதைந்த முனையை விஷமுறிவு மருந்தால் சரிசெய்ய முடியாது. மேலும் சிதையாமல் தடுக்கத்தான் முடியும். முனை மறுபடி வளர நாட்கள் ஆகும், அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு. நல்ல பாம்பின் விஷம் வேறு இடத்தில் தாக்குவதால் தசைக்கு மறுபடி வலுவூட்டும் நியோஸ்டிக்மின் ஊசிக்குப் பெரும்பாலும் இணங்கும், கட்டுவிரியன் விஷம் இணங்காது. உறவினர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். விஷத்தால் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் போகும், கைகால் முழுக்கச் செயலற்றுப்போகும். பார்த்தால் மூளைச்சாவு போலவே இருக்கும். ஆனால் உள்ளே நினைவு இருக்கலாம், பேசுவது காதில் விழலாம். ‘ஒன்றும் பயனில்லை’ என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள். மூச்சைக் காப்பாற்றிக்கொண்டே போனால் இவர்கள் முழுதாகத் தேறக்கூடியவர்கள்.

இதற்குத் தடுப்பு எளிது. கட்டிலில் படுங்கள். தரையில்தான் படுக்க வேண்டும் என்றால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். வலை சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் பயனில்லை.

என் அண்ணனைப் பாம்பு கடித்ததும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். விஷமுறிவு ஊசி போடவே இல்லை. இது அலட்சியம் இல்லையா?
— வாசகர், திருக்கோவிலூர்

அந்தக் குழாய்தான் அங்கே நடந்த முக்கியமான பரிசோதனை. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷம் ரத்தம் உறையும் சக்தியை அழித்துவிடும். அதைக் கண்டுபிடிக்க, நரம்பிலிருந்து 2 அல்லது 3 மி.லி. ரத்தம் எடுத்துப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் கட்டியாக நின்றால் அந்த நேரம்வரை உறைதல் கெடவில்லை. தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, உடனே மருந்து தொடங்க வேண்டும்.

இதில் தவறு நேரும் இடங்களும் உண்டு. கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. ஆகவே பிளாஸ்டிக் குழாயில் செய்தாலோ, சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயில் செய்தாலோ விஷம் ஏறாதவரின் ரத்தமும் உறையாமல் நிற்கும். பத்து நிமிடத்தில் யாராவது எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் சோதனை கெட்டுவிடும். ஒரு தடவை உறைந்ததும் வீட்டுக்கு அனுப்புவதுதான் மிகப் பெரிய தவறு. முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, அதன்பின் மணிக்கு ஒரு தடவை சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் படுக்கையில் வைத்துக் கவனிக்க வேண்டும். உங்கள் அண்ணனுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்களா, ஒரு நாள் முழுக்க வைத்திருந்தார்களா என்று பாருங்கள். இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

கடிபட்டவர் எல்லோருக்கும் ஏன் மருந்து போடுவதில்லை? கடிப்பவற்றில் பல சாரை, தண்ணீர்ப்பாம்பு போன்ற விஷமற்றவை. விஷப்பாம்பும் பல சமயம் விஷத்தை இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். மருந்தோ குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். எனவே விஷம் ஏறியதற்கான அடையாளம் தெரிந்தால் மட்டுமே போட வேண்டும். தெரிந்துவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அளவைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். முதல் டோஸ் 10 குப்பி. அதைச் சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். இந்தக் கணக்குக்கு அடிப்படை இருக்கிறது. கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மி.கி. விஷம் இறக்கும். ஒரு மி.லி. மருந்து 0.6 மி.கி. விஷத்தை முறிக்கும். 10 மி.லி. கொண்ட குப்பி ஒன்று 6 மி.கி., பத்துக் குப்பி 60 மி.கி. குழந்தைக்கும் இதே 10 குப்பிதான். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லையே. கர்ப்பிணிக்கும் அதே அளவுதான். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய்ச் சோதனை செய்வார்கள். அப்போதும் உறையவில்லை என்றால் இரண்டாம் டோஸ். நரம்பைத் தாக்கும் விஷத்துக்கு மொத்தம் 20 குப்பிக்கு மேல் கொடுப்பதில் பயனில்லை. ரத்தத்தைத் தாக்கும் விஷத்துக்கு 30 குப்பிவரை போகலாம். கடிவாயில் இந்த மருந்தைக் குத்துவது தவறு. ரத்தம் உறையாத நிலையில் இடுப்பில் வலி ஊசி போடுவதும் தவறு, குத்திய இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

சிறுநீரைக் கவனியுங்கள். கண்ணாடி விரியன் கடியில் சிறுநீர் குறைந்தாலோ கறுத்தாலோ சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று பொருள். டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கு மாற்றும்படி நீங்களே கேளுங்கள்.

எங்கள் ஊரில் வேர் கொடுத்தும் மந்திரித்தும் பாம்புக்கடியைக் குணப்படுத்துகிறார் ஒருவர். பலர் பிழைத்திருக்கிறார்களே?
— வாசகி, சங்கரன்கோவில்

பிழைத்தவர்களில் பெரும்பாலோர் விஷம் ஏறாதவர்கள். அவர்கள் வெறும் தண்ணீர் குடித்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். விஷம் ஏறியவர் அங்கே இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டு வரும்போதுதான் மருத்துவமனையில் கைமீறிப்போகிறது. அவர் பெயரில் மரியாதை வைத்திருக்கிறீர்கள் என்றால் அவரிடமே பேசுங்கள். ‘முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ, பிறகு வா’ என்று அவர் சொன்னால் ஊரே கேட்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருக்கிறது என்கிறார்கள். ஆனால் போனால் ‘பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் மருந்தை அங்கே வைப்பது எதற்கு? பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோய் ஆக்கியதில் எங்களுக்கு என்ன லாபம்?
— ஊராட்சி வார்டு உறுப்பினர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

இரண்டும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள்தான். முதலில் சீட்டு விஷயம். மருந்து அலமாரியில் இருந்தும் போடப்படாததற்கு முக்கியக் காரணம் பயம். ஒவ்வாமை வந்து நோயாளி அங்கேயே இறந்துவிட்டால் பழி நம்மேல் விழும் என்று இரவுப் பணியில் தனியாக இருக்கும் இளம் மருத்துவர் நினைக்கிறார். அந்தப் பயத்தைப் போக்க வழி இருக்கிறது. ஒவ்வாமை வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு, அட்ரினலின் 0.5 மி.லி. தொடைத் தசையில் போட வேண்டும். குழந்தை என்றால் எடைக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். தணிந்ததும் மருந்தை மெதுவாக மறுபடி தொடங்கலாம். மருந்து ஏற்றுவதற்கு முன்பே தோலடியில் 0.25 மி.லி. அட்ரினலின் போட்டால் கடுமையான ஒவ்வாமை கணிசமாகக் குறைகிறது என்று இலங்கையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. முன்கூட்டித் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை யாருக்கு ஒவ்வாமை வரும் என்று சொல்லாது, நேரம்தான் போகும்.

ஆகவே எங்கள் கருத்து தெளிவானது. விஷம் ஏறிய அடையாளம் தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் 10 குப்பியைத் தொடங்கிவிட்டுத்தான் மேலே அனுப்ப வேண்டும். மூச்சு திணறினால் ஆம்பு பையை (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) அமுக்கிக்கொண்டே ஒருவர் வண்டியில் உடன் போக வேண்டும். ‘வழியில் இறந்தார்’ என்ற வரி இப்படித்தான் குறையும். உங்கள் கிராமசபையில் மூன்று கேள்வி கேளுங்கள். நமது நிலையத்தில் இன்று எத்தனை குப்பி இருக்கிறது, காலாவதி எப்போது? அட்ரினலின், ஆம்பு பை, கண்ணாடிக் குழாய் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா? இரவில் யார் பணியில் இருக்கிறார்? பத்துக்குக் குறைவாகக் குப்பி இருந்தால் ஒரு நோயாளிக்குக்கூட முதல் டோஸ் கொடுக்க முடியாது.

இனி சட்டத்தைப் பற்றி. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வீடு வீடாகப் போய், இறந்தவர் எப்படி இறந்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டு எடுத்த கணக்கு இது. மருத்துவமனைகள் அரசுக்குச் சொல்லிவந்த எண்ணிக்கையோ இதன் அருகிலேயே வராது. 2011-இல் வெளியான இதே வகை ஆய்வில், இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் எந்த மருத்துவமனையிலும் இறக்கவில்லை என்று தெரிந்தது. ஏட்டில் ஏறாத சாவுக்கு யாரும் மருந்து ஒதுக்குவதில்லை.

கர்நாடகம் 2024 பிப்ரவரியில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோய் ஆக்கியது. அடுத்த மாதமே மத்திய அரசு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2030-க்குள் சாவைப் பாதியாக்குவது அதன் இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு 1939-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அறிவித்தது. இனி தனியார் மருத்துவமனையும் ஒவ்வொரு கடியையும் ஒவ்வொரு சாவையும் தெரிவித்தாக வேண்டும். எந்த ஒன்றியத்தில், எந்த மாதத்தில் கடி அதிகம் என்று தெரிந்தால் குப்பிகளை அங்கே நகர்த்தலாம். இப்போது ஓரிடத்தில் காலாவதி ஆகிறது, பக்கத்து ஒன்றியத்தில் தீர்ந்துபோகிறது. ஆனால் வீட்டில் நடக்கும் சாவு இந்தக் கணக்கிலும் விடுபடும். அதை உங்களைப் போன்ற வார்டு உறுப்பினரும் கிராம சுகாதாரச் செவிலியரும்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

விஷமுறிவு மருந்துக்கு விஷம் எங்கிருந்து வருகிறது? எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்தா?
— கல்லூரி மாணவி, வால்பாறை

பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்துதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இருளர்கள் வயலிலும் புற்றிலும் பிடித்து வரும் பாம்புகளை மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். சுமார் மூன்று நான்கு வாரங்களில் நான்கு தடவை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் இருக்கும் பாம்பு மறுபடி அகப்பட்டால் அதிலிருந்து எடுப்பதில்லை. இந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாட்டின் மருந்துக்கே அடித்தளமான இந்த உழைப்புக்கு அந்த மரியாதை மிகவும் தாமதமாக வந்தது என்றே சொல்வோம்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து. எந்தப் பாம்பு என்று தெரியாமலே சிகிச்சையைத் தொடங்க முடிவது இதனால்தான். ஆனால் ஒரே இனப் பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் மாறும். வடநெம்மேலிச் சுற்றுவட்டாரப் பாம்பின் விஷத்தில் தயாரான மருந்து வடக்கிலும் மேற்கிலும் சில இடங்களில் அவ்வளவாக வேலை செய்வதில்லை. எனவே வட்டாரவாரியாக விஷம் சேகரிக்கும் மையங்கள் வேண்டும் என்று விஞ்ஞானிகள் கேட்டுவருகிறார்கள். நியாயமான கோரிக்கை.

நீங்கள் இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. தூக்கிய மூக்குள்ள குழிவிரியன் தேயிலை, காப்பித் தோட்டங்களில் கடிக்கும். அதற்கு இந்த மருந்து வேலை செய்யாது, ஒவ்வாமை மட்டுமே மிச்சமாகும். இந்திய மருந்தையே நம்பியிருந்த இலங்கையிலும் இதே சிக்கல்தான், அங்கே இந்தப் பாம்பின் கடி மிகவும் அதிகம். தோட்டத்தில் கடி வாங்கியவர் பாம்பின் படம் வைத்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

மருத்துவமனையிலிருந்து வந்து பத்து நாள் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தோலில் தடிப்பு. விஷம் மிச்சமிருக்கிறதா?
— வாசகர், பண்ருட்டி

இல்லை. மருந்திலுள்ள குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. ஒன்று முதல் இரண்டு வாரத்தில் வரும், மாத்திரையில் அடங்கும். அதே மருத்துவமனையில் காட்டுங்கள். கண்ணாடி விரியன் கடித்த பெண்ணுக்குப் பல மாதம் கழித்து ஓயாத களைப்பும் மாதவிலக்கு நின்றுபோவதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூளையடிச் சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம், மாற்று ஹார்மோன் கொடுத்தால் சரியாகும்.

பாம்பு கடித்து இறந்தவர் குடும்பத்துக்குக் காப்பீடு கிடைக்குமா?
— வாசகர், விராலிமலை

வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா இருக்கிறதல்லவா, அதில் பாம்புக்கடி சாவும் விபத்துதான். 18 முதல் 70 வயதுவரை, 2 லட்சம் ரூபாய். சாலை விபத்துக்குக் காவல்துறை அறிக்கை கேட்பார்கள். பாம்புக்கடிக்கு உடனடி மருத்துவமனைப் பதிவு கேட்பார்கள். எனவே உயிர் போய்விட்டதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் விபத்துப் பதிவேட்டில் ‘பாம்புக்கடி’ என்று எழுத வையுங்கள், பிரேதப் பரிசோதனையை மறுக்காதீர்கள். வாரிசுதாரர் 30 நாட்களுக்குள் கணக்கு உள்ள வங்கியில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பணம் ஆண்டுதோறும் ஜூன் 1-க்கு முன்பு கணக்கிலிருந்து எடுக்கப்படும். அப்போது கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் காப்பீடு காலாவதியாகும் என்பதால் இன்றே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.